சின்னப்பிள்ளையைச் சாப்பிட இருத்துவது: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். முன்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமாரும் அம்மம்மாமாரும் படலையடியில் நின்று என்னிடம் அதிகம் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். ஓரிடத்தில் இருக்கிறான் இல்லை, போன் இல்லாவிட்டால் வாய் திறக்கிறாள் இல்லை, கதிரையில் எழும்பி நிற்கிறான், விழுந்துவிடுவான் என்று பயமாக இருக்கிறது. எந்த வீட்டுக் கதையும் இதைச் சுற்றித்தான் வரும்.

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது. சாப்பாடு பிள்ளைக்குப் பின்னால் ஓடக்கூடாது. சாப்பாட்டுக்கு என்று வீட்டில் ஓரிடம் வேண்டும். பிள்ளை அங்கே வந்து, நிமிர்ந்து இருந்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் சாப்பிட வேண்டும். அந்த இடம் விலையுயர்ந்த கதிரையாக இருக்க வேண்டியதில்லை.

முற்றத்தில் காகம் காட்டித் தீத்தினால் என்ன பிழை? நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம்?

அந்தப் பழக்கத்தில் உள்ள அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்து, வேலியோரம் நடந்து, "அங்கை பார் ஆட்டுக்குட்டி" என்று பிராக்குக் காட்டி ஒவ்வொரு வாயாகத் தீத்தி முடிக்க ஒரு மணித்தியாலம் போகும். அவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வராது.

ஆனால் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது ஆபத்து. வாயில் சோற்றோடு பிள்ளை சிரிக்கும், கத்தும், இடுப்பில் இருந்து இறங்கி ஓடும். சிரிக்கும்போதும் கூப்பிடும்போதும் மூச்சுக்குழல் திறந்திருப்பதால் வாயில் உள்ளது உள்ளே போய்ப் புரைக்கேறும். ஓடும்போது தடக்கி விழுந்தால் இன்னும் மோசம். இரண்டாவது, பிராக்கில் சாப்பிடும் பிள்ளைக்குத் தன் வயிறு சொல்வது கேட்பதில்லை. பசிக்கிறதா, போதுமா என்று அறியும் பழக்கம் இந்த வயதில்தான் வரவேண்டும். காகத்தைப் பார்த்து வாய் திறக்கும் பிள்ளை, காகம் பறந்ததும் வாயை மூடிக்கொள்ளும். பிறகு நீங்கள் அணிலைத் தேட வேண்டும்.

காகத்தை விட்டுவிடவும் தேவையில்லை. புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கம் எங்களுடையதுதானே. அதை நாள்தோறும் பிள்ளையோடு செய்யலாம். முதலில் பிள்ளையின் கையால் ஒரு பிடி சோறு மதிலில் வையுங்கள். காகம் வந்து கொத்துவதைப் பாருங்கள். உள்ளே வந்து கை கழுவுங்கள். "காகம் சாப்பிட்டுவிட்டது, இனி நாங்கள்" என்று இருத்துங்கள். பிராக்கு சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். சின்னப்பிள்ளைகளுக்கு இப்படி மாறாத ஒழுங்கு மிகவும் பிடிக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை அடம்பிடிப்பதும் குறைவு.

கதை சொல்லலாமா? தாராளமாக. இருந்த இடத்தில் இருந்து சொல்லுங்கள்.

உயரக் கதிரை வாங்கத்தான் வேண்டுமா? பாயில் இருத்தினால் போதாதா?

போதும். என்னைக் கேட்டால், நிலத்தில் இருந்து சாப்பிடும் வீட்டில் பாய்தான் நல்ல இடம். விழுவதற்கு உயரமே இல்லை. பிள்ளை சம்மணம் கட்டி இருந்தால் இடுப்பு உறுதியாக இருக்கும், கை இரண்டும் சாப்பாட்டுக்கு விடுபடும். முதுகு இன்னும் தளர்வான பிள்ளை என்றால் சுவரோடு சாய்த்து இருத்துங்கள், அல்லது உங்கள் மடியில் முன்பக்கம் பார்த்தபடி இருத்துங்கள். சின்னப் பலகைக்கட்டை ஒன்றைப் பிள்ளைக்கென்று ஒதுக்கி வைத்தால் இன்னும் நல்லது. "உன்ரை பலகையை எடுத்து வா" என்று சொன்னதும் பிள்ளை இழுத்துக்கொண்டு வரும். சாப்பாடு தொடங்குகிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம்.

பாயில் கவனிக்க வேண்டியது பிள்ளையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது. சோற்றுப் பானை, சூடான சொதிச் சட்டி, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். அவற்றை மேசையிலேயே வைத்துவிட்டு, கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து இருங்கள்.

வீட்டில் எல்லாரும் மேசையில் சாப்பிடுவதென்றால், பிள்ளையை மட்டும் கீழே இருத்த வேண்டாம். பிள்ளை சாப்பிடப் பழகுவது உங்கள் வாயையும் கையையும் பார்த்துத்தான். அதற்கு உங்கள் முகத்தின் உயரத்துக்கு வரவேண்டும். அப்போது உயரக் கதிரை உதவும். பிள்ளை துணையில்லாமல் நிமிர்ந்து இருக்கத் தொடங்கிய பிறகுதான் அதில் இருத்தலாம், ஏறக்குறைய ஆறு மாதம் தாண்டிய பிறகு.

கனடாவில் இருந்து சித்தி கொண்டுவந்த பழைய கதிரை இருக்கிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பட்டிகள். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டி இருந்தால் மிக நல்லது. குறைந்தது இடுப்புப் பட்டியும் கால்களுக்கு நடுவில் வரும் பட்டியும் இருக்க வேண்டும். நடுப்பட்டி இல்லாவிட்டால் பிள்ளை கீழே வழுகி, தட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் கழுத்து மாட்டிக்கொள்ளலாம். முன்னால் உள்ள சாப்பாட்டுத் தட்டு பிள்ளையைப் பிடித்து வைக்கும் என்று நம்பவேண்டாம். அது சாப்பாடு வைக்கத்தான்.

பழைய கதிரைகளில் பட்டியின் கொழுவி உடைந்திருக்கும், அல்லது பட்டியைக் கழற்றிக் கழுவப் போட்டு அங்கேயே விட்டிருப்பார்கள். பட்டி இல்லாத உயரக் கதிரையைப் பாவிக்க வேண்டாம். மடிக்கும் கதிரை என்றால் பூட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நாலு காலும் அகலமாக விரிந்து நிற்க வேண்டும். கையால் பக்கவாட்டில் தள்ளிப்பார்த்தால் ஆடக்கூடாது. திருகாணிகளை இறுக்குங்கள். ஐரோப்பாவில் விற்கும் கதிரைகளில் "இ.என். 14988" என்ற தர எண் ஒட்டப்பட்டிருக்கும், அது உயரக் கதிரைகளுக்கான பாதுகாப்புத் தரம். பெரும்பாலும் மூன்று வயது, 15 கிலோ என்ற அளவுக்கே செய்யப்பட்டிருக்கும்.

பிறகு கால். இதைப் பலர் பார்ப்பதில்லை, எனக்கோ இதுதான் பெரிய விஷயம். பாதம் தொங்கிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு உடம்பை நிறுத்தி வைப்பதே வேலையாகிவிடும். நெளியும், முறுகும், எழும்ப எத்தனிக்கும். நீங்களே உயர வாங்கு ஒன்றில் கால் தொங்க அரை மணித்தியாலம் இருந்து சாப்பிட்டுப் பாருங்கள், விளங்கும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் செங்கோணத்தில் மடிந்து, பாதம் பலகையில் பட வேண்டும். பாதப்பலகை எட்டாவிட்டால் ஒரு மரத்துண்டையோ இறுக்கமான அட்டைப்பெட்டியையோ அந்த உயரத்தில் உறுதியாகக் கட்டிவிடுங்கள். "இருக்கவே மாட்டான்" என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் பாதம் ஊன்றியதும் அமைதியாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடைசியாக, கதிரை நிற்கும் இடம். மேசைக்கோ சுவருக்கோ கால் எட்டினால் உதைத்துப் பின்பக்கமாக விழுத்திவிடும். அடுப்பு, மின்சார வயர், யன்னல் சீலை இவற்றுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். மேசை விளிம்பில் கொழுவும் சின்னக் கதிரை என்றால் கண்ணாடி மேசையில் கொழுவவே கூடாது, மேசைச்சீலையின் மேலும் கூடாது.

பிளாஸ்ரிக் கதிரையில் தலையணை வைத்து, சால்வையால் கட்டி இருத்தலாமா?

வேண்டாம். அந்தக் கதிரை பாரமில்லாதது, பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தாலே கவிழும். தலையணை வழுகும். சால்வை நெஞ்சுக்கு ஏறும், அங்கிருந்து கழுத்துக்கு ஏறும். நல்ல கதிரை இல்லாவிட்டால் பாய் இருக்கிறது, மடி இருக்கிறது.

வாக்கரில் வைத்துத் தீத்தலாமா? அதிலாவது இருக்கிறான்.

அதில் பிள்ளை இருப்பதில்லை, உருண்டு திரிகிறது. அடுப்படி வாசல், விறாந்தைப் படி எல்லாவற்றுக்கும் நொடியில் போய்விடும். கனடா 2004 ஆம் ஆண்டில் இந்த வாக்கர்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது. படியில் விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைகள் அவ்வளவு பேர். சாப்பாட்டுக்கும் வேண்டாம், மற்ற நேரத்துக்கும் வேண்டாம்.

கதிரையில் இருத்தியதும் உடம்பை வில்லாக வளைத்துக் குளறுகிறாள். எழும்பி நிற்கிறாள். என்ன செய்வது?

முதலில் காரணத்தைப் பாருங்கள். பசி வந்ததா? முக்கால் மணித்தியாலத்துக்கு முன் பிஸ்கட் சாப்பிட்ட பிள்ளைக்குக் கதிரை ஒரு சிறைதான். நித்திரை வெறியா? அப்படியென்றால் சாப்பாட்டு நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பட்டி இறுக்குகிறதா, வெயில் முகத்தில் படுகிறதா, பாதம் தொங்குகிறதா? சித்திரை, வைகாசி வெக்கையில் உள் அறையில் யாருக்குத்தான் சாப்பிட மனம் வரும்? காற்று வரும் விறாந்தைக்குக் கதிரையை மாற்றினாலே பாதி அழுகை நின்றுவிடும்.

அதோடு, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திடீரெனத் தூக்கிவந்து பட்டியில் கொழுவினால் எந்தப் பிள்ளையும் குளறும். ஐந்து நிமிடத்துக்கு முன் சொல்லுங்கள். கை கழுவ விடுங்கள். கரண்டியையோ கோப்பையையோ அதன் கையில் கொடுத்து மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சாப்பாடு தயாரான பிறகுதான் இருத்த வேண்டும். நீங்கள் இடியப்பம் அவித்து முடிக்கும் வரை பிள்ளையைக் கதிரையில் காத்திருக்க வைத்தால், சாப்பாடு வரும்போது அதன் பொறுமை முடிந்திருக்கும்.

எழும்பி நின்றால் சத்தம் போடாமல், "சாப்பிடும்போது இருக்கவேணும்" என்று ஒரே வசனத்தைச் சொல்லித் திரும்ப இருத்துங்கள். மூன்றாம் முறையும் எழும்பினால் சாப்பாடு முடிந்தது என்று இறக்கிவிடுங்கள், முகத்தைக் கடுமையாக்காமல். இறங்கிய பிறகு பின்னால் ஓடி ஓடி வாயில் வைக்கக்கூடாது. அடுத்த சாப்பாடு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வரும். இதில் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே மாதிரி நடந்தால் பிள்ளை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?

ஒன்றரை வயதுப் பிள்ளை பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தாலே போதும். மூன்று வயதில் இருபது நிமிடம் வரும். அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தால் யாருக்கும் பயனில்லை.

போன் இல்லாமல் ஒரு வாயும் போவதில்லை. எப்படி நிறுத்துவது?

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்றும், இரண்டு வயது முதல் நாலு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு அதைவிட வேறு காரணமும் உண்டு. திரையைப் பார்க்கும் பிள்ளை மெல்ல மறக்கும், சோற்றைக் கன்னத்தில் அதக்கி வைத்திருக்கும். பிறகு திடீரென்று மூச்சை இழுத்தால் அது உள்ளே போகும்.

ஒரேயடியாக நிறுத்தலாம், படிப்படியாகவும் நிறுத்தலாம். நான் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வேன், ஏனென்றால் படிப்படியாக என்று தொடங்கும் வீடுகளில் அழுகை வந்ததும் போன் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு நாள் குறியுங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எவருடைய போனும் அந்த அறையில் இருக்கக்கூடாது, அப்பாவுடையதும் சேர்த்து. ரி.வி. நிற்க வேண்டும். முதல் சில நாட்கள் பிள்ளை குறைவாகச் சாப்பிடும், அழும். அந்த நாட்களில் பிடித்த சாப்பாட்டையே செய்யுங்கள், சின்னக் கோப்பையில் கொஞ்சமாக வையுங்கள், நீங்களும் கூட இருந்து சாப்பிடுங்கள். பசி திரும்பி வரும். உடல்நலமுள்ள பிள்ளை அந்தச் சில நாட்களால் மெலிந்துபோகாது.

அப்பம்மா ரொறன்ரோவில். சாப்பிடும்போது வட்ஸ்அப்பில் அவரைக் காட்டித்தான் தீத்துகிறோம். அதுவும் கூடாதா?

அப்பம்மாவின் முகத்தைப் பார்ப்பது வேறு, பாட்டு வீடியோ பார்ப்பது வேறு. அந்த உறவைப் பறிக்கச் சொல்லமாட்டேன். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். இங்கே மாலை 7 மணி என்றால் கோடையில் அங்கே காலை 9.30. சாப்பாட்டை 6.30 க்குத் தொடங்கி முடித்துவிட்டு, வாய் துடைத்தபின் அழைப்பு எடுங்கள். "என்ன சாப்பிட்டனி?" என்று அவர் கேட்கட்டும், பிள்ளை சொல்லட்டும்.

சோற்றைக் கீழே எறிகிறான், சொதியில் கையடிக்கிறான். அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம். ஒரு வயதில் எறிவது விழுவதைப் பார்க்கும் ஆவலால். இரண்டு வயதில் எறிவது பெரும்பாலும் "எனக்குப் போதும்" என்று சொல்லத் தெரியாததால். போதும் என்றால் கோப்பையைத் தள்ளிவைக்கவோ கையால் காட்டவோ பழக்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பிடி மட்டும் வையுங்கள், எறிய நிறைய இருக்காது. கீழே பழைய பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். எறும்பு வரும் முன் அள்ளி வாழைக்கடியில் கொட்டலாம்.

கையால் அளைவது வேறு விஷயம். அளையத்தான் வேண்டும். புட்டைப் பிசைந்து, பருப்பை விரலால் தொட்டு, முகமெல்லாம் பூசிக்கொண்டு பழகும் பிள்ளைதான் தானாகச் சாப்பிடும் பிள்ளையாக வரும். கழுவினால் போகிற அழுக்குக்காக அதைத் தடுக்க வேண்டாம்.

முன்பு நன்றாகச் சாப்பிட்டாள். ஒரு வயதுக்குப் பிறகு தொடுகிறாள் இல்லை. வற்புறுத்தித் தீத்தலாமா?

முதல் ஆண்டில் பிறந்த நிறையைப்போல மூன்று மடங்கு வளரும் பிள்ளை, இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரைக் கிலோ மட்டுமே கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். அது நோயல்ல. ஒரு நாள் சாப்பாட்டை எண்ணிப் பதறாமல் ஒரு கிழமையைச் சேர்த்துப் பாருங்கள். இன்று மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்ட பிள்ளை நாளை காலை முழு இடியப்பம் கேட்கும்.

மூக்கைப் பிடித்து, கையை அமுக்கி, அழும் வாயில் திணிப்பதை நிறுத்த வேண்டும். அழும் பிள்ளைக்குப் புரைக்கேறும், சத்தி எடுக்கும், நாளைக்குக் கோப்பையைக் கண்டாலே அழும். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் தீர்மானிப்போம். எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விடுவோம். "பூதம் வரும்", "பொலிஸ் வரும்" என்று பயமுறுத்தவும் வேண்டாம். "சாப்பிட்டால் சொக்கலேட்" என்றால், சோறு ஒரு தண்டனை, சொக்கலேட்தான் பரிசு என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

பசியை யார் தின்றது என்றும் தேடுங்கள். நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடமில்லை, இரும்புச்சத்தும் குறைந்துபோகும். தேத்தண்ணி இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கிறது. பின்னேரம் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டுக்குப் பதில் கதலிப்பழமோ அவித்த முட்டையோ கொடுங்கள். புதிய கறியை ஒருமுறை துப்பினால் "பிடிக்காது" என்று முடிவெடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து முறை கண்டு, தொட்டு, நக்கிய பிறகுதான் பல பிள்ளைகள் ஒரு சாப்பாட்டை ஏற்கும். முருங்கையிலை வறையை நாலு தரம் துப்பிய பிள்ளை ஐந்தாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

எந்தச் சாப்பாடுகள் தொண்டையில் அடைக்கும்?

இதை நிதானமாக வாசியுங்கள். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூச்சுக்குழல் மெல்லியது, கடைவாய்ப் பல்லால் அரைத்து மெல்லும் பழக்கம் முழுதாக வந்திருக்காது. உருண்டையானது, கடினமானது, வழுகுவது, ஒட்டுவது எல்லாம் ஆபத்து.

எங்கள் ஊரில் முதலாவது கச்சான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதியில் கச்சான் கடை போட்டிருப்பார்கள். வாங்கும் சரையில் இருந்து பெரியவர்கள் ஒன்றிரண்டு பிள்ளையின் கையில் கொடுப்பார்கள், அதுவும் தோளில் வைத்துச் சனத்துக்குள் நடந்துகொண்டு. நாலு, ஐந்து வயது வரை முழுக் கச்சானும் கடலையும் கொடுக்க வேண்டாம். அரைத்து, கஞ்சியிலோ களியிலோ கலந்து கொடுக்கலாம். தேங்காய்ச்சொட்டு, முறுக்கு, பகோடா, கல்லு மாதிரியான இனிப்பு, பச்சைக் கரட், புழுக்கொடியல் இவையும் காத்திருக்கட்டும். ரம்புட்டான், திராட்சை, நாவற்பழம் என்றால் கொட்டையை எடுத்து, நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். குறுக்காக இரண்டாக வெட்டிய திராட்சை இன்னும் உருண்டைதான்.

புட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் புட்டு உதிரியாக, மாப்பொடியாக இருக்கும். மூச்சு இழுக்கும்போது அந்தப் பொடி உள்ளே போய் இருமல் வரும். சொதியோ பாலோ விட்டு நனைத்து, வாழைப்பழத்தோடு பிசைந்து கொடுங்கள். பனங்கிழங்கு நாரை எடுத்து மாவாக்கிய பிறகு மட்டும். முருங்கைக்காயின் சதையை வழித்துக் கொடுங்கள், கோதைச் சப்பக் கொடுக்காதீர்கள்.

மீன் கொடுக்கத்தான் வேண்டும், நல்ல சாப்பாடு அது. சூடை, நெத்தலியில் முள்ளு அதிகம். விளைமீன், பாரை போன்ற பெரிய மீனின் சதையை உங்கள் விரலால் நசித்து, முள்ளு தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. முள்ளுக் குத்திவிட்டால் சோற்று உருண்டையை விழுங்கக் கொடுத்து இறக்கும் வேலையைச் சின்னப்பிள்ளையிடம் செய்யாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஓட்டோவில் போகும்போதும் மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திப் போகும்போதும் எதையும் தின்னக் கொடுக்க வேண்டாம்.

ஓங்காளிக்கிறதா, அடைத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அடைத்தால் என்ன செய்வது?

ஓங்காளித்தலில் சத்தம் இருக்கும். முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், நாக்கை வெளியே தள்ளும், இருமும். பிள்ளை தானே வெளியே கொண்டுவரப் பார்க்கிறது. பக்கத்தில் அமைதியாக இருந்து இரும விடுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம், முதுகில் தட்ட வேண்டாம், விரலை விட வேண்டாம்.

உண்மையான அடைப்பில் சத்தம் வராது. அழ முடியாது, இருமல் வெளிவராது, உதடு நீலமாகும். அப்போது உடனே கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் 1990 க்கு அழைக்கட்டும், அது சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் முன்பக்கம் நன்றாகக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக ஐந்து முறை அடியுங்கள். வராவிட்டால் பின்னால் முழந்தாளிட்டு, தொப்புளுக்கு மேல், விலா எலும்புக்குக் கீழே முட்டியை வைத்து, மறுகையால் அதைப் பிடித்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுத்து அமுக்குங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அமுக்கக் கூடாது. தலை தாழக் கவிழ்த்து உங்கள் முன்கையில் வைத்து முதுகில் ஐந்து, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் ஐந்து. வாயில் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம், தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். நினைவு தப்பினால் நிலத்தில் கிடத்தி, நெஞ்சை அமுக்கிச் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தொடங்குங்கள்.

வெளியே வந்துவிட்டாலும், வயிற்றில் அமுக்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கச்சான் புரைக்கேறிய பிறகு நாட்கணக்கில் இருமலோ இழுப்போ இருந்தாலும் காட்டுங்கள், அதன் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். இதையெல்லாம் வாசித்து அறிவதைவிடக் கையால் செய்து பழகுவது நல்லது. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. வீட்டுக்கு ஒருவராவது போய்ப் பழகி வாருங்கள், பிள்ளையோடு பகலில் இருப்பவர் முதலில்.

சூடு பட்டால்?

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காதீர்கள். மேசைச்சீலையைக் கழற்றிவிடுங்கள், பிள்ளை அதைத்தான் பிடித்து எழும்பும்.

நான் இருத்தப் பழக்குகிறேன். நான் வேலைக்குப் போனதும் அம்மம்மா தூக்கித் திரிந்து தீத்துகிறார். என்ன சொல்வது?

பிழை சொல்லி ஆரம்பித்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும். அவருக்கு முதுகும் முழங்காலும் நோகும் என்பதில் இருந்து தொடங்குங்கள். "அம்மா, இவன் இப்ப பாரம், உங்களுக்கு ஏலாது. இதிலை இருத்தி, நீங்களும் கூட இருந்து சாப்பிடுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான அம்மம்மாமார் பிள்ளைக்குத் தீத்தி முடித்து, ஆறிய சோற்றைப் பிறகு தனியாகச் சாப்பிடுபவர்கள். அவர்களும் இருந்து சாப்பிடட்டும். கையால் குழைத்து உருட்டித் தீத்துவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், அது இருந்தபடியே நடக்கலாம். முழு மாற்றம் வராவிட்டாலும், மத்தியானச் சாப்பாட்டில் ஓடாமல் இருந்தால் போதும் என்று ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலியாண வீடு, அன்னதானம் என்று போனால்?

செல்வச்சந்நிதி முருகன் கோயில் போல் நிலத்தில் பந்தி இருக்கும் இடம் பிள்ளைக்கு வசதி, மடியில் இருத்திக்கொள்ளலாம். வாளியில் சூடான சாம்பாரோடு பரிமாறுபவர் வரும் பக்கம் பிள்ளையின் கை நீளாமல் பாருங்கள். கலியாண மண்டபத்தில் பிள்ளை ஓரிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

எப்போது வைத்தியரிடம் காட்ட வேண்டும்?

பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார விருத்திப் பதிவேட்டில் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. நிறை பார்க்கும் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் அதில் புள்ளி வைப்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அந்தக் கோடு தன் வழியில் ஏறுகிறதா என்று பாருங்கள். கோடு படுத்தாலோ கீழே இறங்கினாலோ அவரிடம் கேளுங்கள். தேவையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அனுப்புவார்.

கீழே உள்ளவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டிலும் புரைக்கேறுகிறது, தண்ணீர் குடிக்கும்போதும் இருமுகிறது, ஒரு வயது தாண்டியும் கட்டியான சாப்பாடு எதையும் விழுங்க முடியவில்லை, நிமிர்ந்து இருக்க உடம்பு வளையவில்லை, முன்பு சாப்பிட்ட சாப்பாடுகளை ஒவ்வொன்றாக விட்டு இரண்டு மூன்றில் வந்து நிற்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைத்தியரிடம் போகும்போது பிள்ளை ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டது, எவ்வளவு பால் குடித்தது, எங்கே இருந்து சாப்பிட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சாப்பிடும்போது எடுத்த சின்ன வீடியோ ஒன்றும் இருந்தால், அவருக்கு அது மிகவும் உதவும்.